அறைவீட்டுக் கதவும் அயலான் உறக்கமும்



சூனேம் ஊரில் வாழ்ந்த அம்மையார் ஒருவர், தம் வீட்டின் மேல்மாடியில் தேவமனுஷனுக்கென்று சிறிய அறையொன்றைக் கட்டுவித்தார் என்று 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. அவ்வளவுதான் அந்த அறையின் ஆஸ்தி. பின்னொரு நாளில் அவருடைய மகன் மரித்தபோது, எலிசா அதே அறைக்குள் சென்று, கதவை அடைத்துக்கொண்டு கர்த்தரை நோக்கி ஜெபித்தான். பிள்ளை உயிரோடே எழுந்தான். வீட்டில் ஓர் அறையை ஜெபத்திற்கென்று ஒதுக்குவதும், அதன் கதவை அடைப்பதும் வேதத்தில் நமக்குப் புதிதல்ல. மத்தேயு 6:6-இல் நம் ஆண்டவரும் அதையே கற்பித்தார்.

ஆனால் நாம் குடியிருப்பது சூனேமில் அல்ல. மும்பையிலும் புனேயிலும் பெங்களூரிலும் தில்லியிலும் இருக்கிறோம். சொந்த ஊரில் வீட்டைச் சுற்றி முற்றம் இருந்தது. அடுத்த வீட்டுக்கு நடுவே ஒரு வேப்பமரமாவது நின்றது. அதிகாலை ஜெபத்தின் சத்தம் கேட்டால், கேட்கிறவர் பெரும்பாலும் நம் உறவினராகவே இருப்பார். இங்கோ நம்முடைய சுவரே அயலாருடைய சுவர். நம்முடைய தரையே கீழ்வீட்டாருடைய கூரை. அந்தச் சுவருக்கு அப்பால் இரவு வேலை முடித்து உறங்குகிறவர் இருக்கலாம்; பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கிற மகள் இருக்கலாம்; இருதய நோயாளியான முதியவர் இருக்கலாம். நம் தமிழ் அவர்களுக்கு விளங்காது. நாம் துதிக்கிறோமா, சண்டையிடுகிறோமா என்பதும் தெரியாது. சுவரைக் கடந்து போவது வார்த்தையல்ல, வெறும் சத்தமே.

ஆகவே "வீட்டில் ஓர் அறையைச் சத்தம் வெளியேறாதபடி அமைக்க முடியுமா?" என்ற கேள்வி நம் குடும்பங்களில் அடிக்கடி எழுகிறது. வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்திற்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் வீடுகளில், இது குடியிருப்பையே தொடும் கேள்வி. முற்றிலும் அடக்க முடியாது. ஆனால் மிகவும் குறைக்க முடியும். அதற்கு முதலில் வேண்டியது பணமல்ல, சத்தம் எப்படிப் பயணம் செய்கிறது என்ற அறிவு.

சட்டம் சொல்லுவது

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்தன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. 2005 ஜூலை மாதத்தில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தனியார் ஒலி சாதனங்களின் சத்தம் அந்த வீட்டின் எல்லையில் அப்பகுதிக்குரிய அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் மிஞ்சக்கூடாது என்றும், இரவு நேரத்தில் மேளமோ வாத்தியமோ ஒலிபெருக்கியோ கூடாது என்றும் கட்டளையிட்டது.

இவ்விஷயத்தில் நம்முடைய சொந்தச் சரித்திரமும் உண்டு. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு பெந்தெகொஸ்தே சபையின் டிரம்ஸ், கிதார், ஒலிபெருக்கி ஆகியவற்றைக் குறித்து அக்கம்பக்கத்தார் சங்கம் முறையிட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2000 ஆகஸ்ட் 30-ஆம் தேதி சபையின் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. பிறருடைய அமைதியைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் கற்பிக்கவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒலிபெருக்கி எந்த மதத்திற்கும் இன்றியமையாத அங்கமல்ல என்று 2025 ஜனவரியில் மும்பை உயர்நீதிமன்றமும் கூறியது. இந்நாட்டில் ஒலி மாசு குறித்துப் பேசப்படும்போதெல்லாம் எடுத்துக்காட்டப்படும் முதன்மையான தீர்ப்புகளில் ஒன்று நம்மைப் போன்ற ஒரு சபையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இது நாம் சிந்திக்க வேண்டிய காரியம்.

சத்தத்தின் இரண்டு வழிகள்

ஓர் அறையிலிருந்து சத்தம் இரண்டு வழிகளாய் வெளியேறுகிறது. ஒன்று காற்றின் வழி: குரல், பாட்டு, கைத்தட்டல், ஒலிபெட்டி ஆகியவை காற்றை அசைக்க, அந்த அசைவு சந்துகள் வழியாகவும் சுவரை அதிரச்செய்தும் அப்பால் செல்லுகிறது. மற்றொன்று கட்டடத்தின் வழி: காலடி, குதித்தல், தரையில் வைத்த டிரம்ஸ் ஆகியவை காங்கிரீட்டையே நேரடியாய் அதிரச்செய்கின்றன. முதல் வழிக்குரிய வைத்தியம் இரண்டாவதற்குப் பயன்படாது.

அளவையும் அறிந்துகொள்வோம். 10 டெசிபல் கூடினால் சத்தத்தின் ஆற்றல் பத்து மடங்காகிறது. நம் காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்காய்த் தோன்றுகிறது. சாதாரண உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல். பதினைந்து பேர் கைத்தட்டி உற்சாகமாய்ப் பாடினால் 85-ஐத் தொடலாம். டிரம்ஸ் 100-ஐயும் கடக்கும்.

முதலாவது, சந்துகளை அடையுங்கள்

நோவாவின் பேழைக்கு உள்ளும் புறம்பும் கீல் பூசப்பட்டது (ஆதியாகமம் 6:14). மரம் எத்தனை உறுதியானாலும் ஒரு சந்து விட்டிருந்தால் தண்ணீர் உள்ளே வந்திருக்கும். சத்தமும் தண்ணீரைப் போன்றதே. காற்று நுழையும் இடமெல்லாம் அது நுழையும்.

ஒரு சிறு கணக்கு. இருபுறமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஏறத்தாழ 45 டெசிபலைத் தடுக்க வல்லது. பத்தடி உயரமும் பத்தடி அகலமும் உள்ள அத்தகைய சுவரில், மூன்றடிக் கதவின் அடியில் அரை அங்குலச் சந்து மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் செங்கல்லாகவே இருந்தாலும் அந்தச் சுவரின் தடுப்பு 29 டெசிபலாக இறங்கிவிடும். சுவரில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் 20 டெசிபல்தான் மிஞ்சும். திராட்சத்தோட்டங்களைக் கெடுப்பவை சிறு நரிகளே என்று உன்னதப்பாட்டு 2:15 கற்பிக்கிறதை நினைவுகூருங்கள்.

சந்துகளைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இரவில் அறைக்குள் விளக்கேற்றி, வெளியே இருளில் நின்று பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சத்தமும் கசியும். கதவின் சட்டத்தைச் சுற்றி ஒட்டும் ரப்பர் பட்டை, கதவின் அடியில் திருகி மாட்டும் ரப்பர் தடுப்பு, ஜன்னல் சட்டத்தைச் சுற்றிச் சிலிகான் பூச்சு, ஏசி குழாய் செல்லும் துளைக்குச் சிமெண்டு அல்லது பூச்சு. இவ்வளவுக்கும் பெருந்தொகை ஆகாது. வாடகை வீட்டிலும் பெரும்பாலானவற்றைச் செய்யலாம். காலி செய்யும்போது எடுத்துவிடலாம். பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் அலுமினிய ஜன்னல்களில் தண்டவாளத்தின் ஓரமே பெரிய ஓட்டை. அதற்குரிய பிரஷ் பட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். கீல் வைத்த ஜன்னலே நன்றாய் அழுந்தி மூடும்.

இரண்டாவது, பாரமும் இடைவெளியும்

சந்துகள் அடைபட்ட பின்பே சுவரையும் கதவையும் குறித்துப் பேச வேண்டும். பாரமான பொருள் சத்தத்தைத் தடுக்கும், இலேசானது தடுக்காது. உள்ளே கூடான கதவைவிட நெருக்கமான மரத்தாலான கனத்த கதவு மிக நல்லது. புதுக்கதவு இயலாதெனில், பழைய கதவின்மேல் தடித்த பிளைவுட் பலகையை ஒட்டலாம். கீல்கள் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவரின் பாரத்தை இரட்டிப்பாக்கினாலும் கிடைப்பது 5 அல்லது 6 டெசிபல் மட்டுமே. அதைவிட நடுவே காற்று இடைவெளி விட்ட இரண்டு சுவர்கள் அதிகம் தடுக்கும். சொந்த வீடுள்ளவர்கள், பொதுச்சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளித் தனிச் சட்டம் நிறுத்தி, இடையில் ராக்வூல் நிரப்பி, மேலே இரண்டடுக்கு ஜிப்சம் பலகை அடிக்கலாம். அந்தச் சட்டம் பழைய சுவரைத் தொடவே கூடாது. ஓர் ஆணி தொட்டால் அதுவே சத்தத்திற்குப் பாலமாகிவிடும். ஜன்னலுக்கும் இதே விதிதான். பழைய ஜன்னலுக்கு உட்புறம் நான்கு அங்குலம் தள்ளி இரண்டாவது ஜன்னல் வைத்தால் தெருவின் ஹாரன் சத்தமும் உள்ளே வருவது குறையும். பிள்ளைகளின் படிப்புக்கும் அது ஆசீர்வாதம்.

ஒரே அறையும் சமையற்கட்டும் உள்ள சாலில் குடியிருப்போருக்கு இவை எட்டாதவை. அவர்கள் மனம் தளர வேண்டாம். துணி நிறைந்த பீரோவையும் புத்தக அலமாரியையும் பொதுச்சுவரின் ஓரமாய் வையுங்கள். சிறிதளவு பயன் தரும். கீபோர்டையும் உரத்த குரலுடையவரையும் மாடிப்படி அல்லது சாலையை நோக்கிய பக்கமாய் அமர்த்துங்கள். அயலாரின் படுக்கை எந்தச் சுவரை ஒட்டியிருக்கிறது என்று கேட்டறிந்தால், பாதி வேலை முடிந்தது.

ஏமாற்றும் பொருட்கள்

முட்டைத் தட்டுகளையும் தெர்மோகோலையும் சுவரெங்கும் ஒட்டினால் சத்தம் வெளியேறாது என்று பலர் நம்புகிறார்கள். இவை காற்றைப்போல் இலேசானவை; சத்தம் இவற்றை ஊடுருவிச் செல்லும். முட்டைத் தட்டும் பஞ்சும் திரையும் கம்பளமும் செய்வது வேறு காரியம்: அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். அதற்கும் ஒரு நன்மை உண்டு. எதிரொலி குறைந்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குத் தெளிவாய்க் கேட்கும். குரலை உயர்த்த வேண்டியிராது. அந்த வேலைக்குக் கனத்த ஜமுக்காளமும் துணித்திரையுமே போதும்.

கட்டடத்தின் வழியாகச் செல்லும் சத்தத்திற்குத் தரையில்தான் தடுப்பு வேண்டும். மகிழ்ச்சியில் குதித்து ஆடும்போது கீழ்வீட்டாருக்கு நம் குரலைவிட நம் பாதங்களே அதிகம் கேட்கும். தடித்த ரப்பர் விரிப்பு, அதன்மேல் ஜமுக்காளம், ஒலிபெட்டியின்கீழ் மெத்தை ஆகியவை டக்கென்ற ஓசையைக் குறைக்கும். ஆயினும் 'தும்' என்ற ஆழ்ந்த அதிர்வை முற்றிலும் தடுக்கா. மாடி வீட்டில் டிரம்ஸுக்கு மலிவான பரிகாரம் எதுவும் இல்லை. அதைச் சபைக் கட்டடத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது. கீபோர்டு பழகும் பிள்ளைக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள்.

மூச்சும் நெருப்பும்

ஓர் எச்சரிப்பு. சத்தத்தை அடைக்கிறவர்கள் காற்றையும் அடைக்கிறார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் பதினைந்து பேர் கூடி, எல்லாச் சந்துகளையும் மூடிவிட்டால், ஒரு மணி நேரத்தில் கரியமில வாயு ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்காகிவிடும். வெளிக்காற்றில் இருப்பதைப் போல் அது இருபது மடங்குக்கும் மேல். தலைவலியும் தூக்கமும் வரும். இரவு ஜெபத்தில் வருகிற உறக்கமெல்லாம் சத்துருவின் வேலை என்று எண்ண வேண்டாம். சில வேளைகளில் அது ஜன்னலின் வேலை. காசநோய் போன்றவையும் காற்றோட்டமற்ற அறையிலேயே எளிதாய்ப் பரவுகின்றன. ஆகவே இருபது நிமிடம் பாடினால், அடுத்த சில நிமிடங்கள் ஜன்னல்களைத் திறந்து வைத்து, வேதம் வாசித்து, மௌனமாய் ஜெபியுங்கள். கேஸ் அடுப்போ கேஸ் கீசரோ உள்ள அறையை ஒருபோதும் இறுக்கி அடைக்காதீர்கள். அதில் உயிருக்கே ஆபத்து உண்டு.

நெருப்பைக் குறித்தும் கவனம் வேண்டும். விலை மலிவான பஞ்சுப் பலகைகள் நொடியில் பற்றி எரிந்து நச்சுப்புகை கக்கும். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2003 பிப்ரவரியில் ஓர் இசை அரங்கத்தில், சத்தத்தை அடக்க ஒட்டியிருந்த பஞ்சு பற்றி 100 பேர் மாண்டார்கள். 2013 ஜனவரியில் பிரேசிலில் சாந்தா மரியா நகரத்து விடுதியில் அதேவிதமாய் 242 பேர் மாண்டார்கள். மெழுகுவர்த்தி ஏற்றும் அறையில் அத்தகைய பஞ்சு வேண்டாம். ராக்வூலும் ஜிப்சமும் எளிதில் எரியாதவை. வெளியேறும் வழியை எந்தப் பொருளாலும் மறைக்காதீர்கள்.

விலையில்லாத பத்து டெசிபல்

இப்போது கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். உள்ளே 85 டெசிபல் பாட்டு. சந்துகளுள்ள சாதாரண அறை 25-ஐத் தடுத்தால் வெளியே 60. சந்துகளை அடைத்துக் கதவையும் மாற்றி, தடுப்பை 35 ஆக்கினால் வெளியே 50. பகலுக்கு அது தகும். இரவுக்குரிய 45-க்கு இன்னும் தகாது. சுவரில் மேலும் 10 டெசிபலைச் சம்பாதிக்க ஆயிரக்கணக்கில் செலவாகும். நம் தொண்டையில் 10 டெசிபலைக் குறைக்க ஒரு ரூபாயும் ஆகாது. உரையாடும் குரலில் ஜெபித்தால், அதே அறைக்கு வெளியே 25 அல்லது 30 மாத்திரமே கேட்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒலிபெருக்கி யாருக்காக? அறையில் இருக்கிறவர்களுக்கு அது வேண்டியதில்லை. பரலோகத்தில் இருக்கிறவருக்கும் வேண்டியதில்லை.

அன்னாளின் உதடுகள் மாத்திரம் அசைந்தன. குரல் கேட்கப்படவில்லை (1 சாமுவேல் 1:13). ஆலயத்தில் இருந்த ஆசாரியனுக்குக் கேட்காத அந்த ஜெபத்திற்குத்தான் சாமுவேல் பிறந்தான். "ஆவியானவர் நிரப்பும்போது குரலை அடக்க முடியாதே" என்பார் உண்டு. அதைக் குறித்துப் பவுல் 1 கொரிந்தியர் 14-ஆம் அதிகாரத்தில் தெளிவாய் எழுதியிருக்கிறார். தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் அவர்களுடைய கட்டுப்பாட்டில் இருக்கின்றன என்கிறார். வியாக்கியானி இல்லாத இடத்தில் அந்நியபாஷை பேசுகிறவன் தனக்கும் தேவனுக்கும் மட்டும் கேட்கும்படி பேசட்டும் என்கிறார். நீதிமொழிகள் 27:14-ஐயும் வாசியுங்கள். அதிகாலையில் எழுந்து உரத்த குரலில் நண்பனை வாழ்த்தினால், அந்த வாழ்த்தும் அவனுக்குச் சாபமாய்த் தோன்றுமாம். வாழ்த்தில் குற்றமில்லை; நேரத்திலும் குரலிலும் குற்றமிருக்கிறது.

பயத்தினாலா, அன்பினாலா?

சிலர் கேட்கலாம்: "தானியேல் ஜன்னல்களைத் திறந்து வைத்தல்லவா ஜெபித்தான்? பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடவில்லையா?" நல்ல கேள்வி. தானியேலின் நாட்களில் ராஜாவின் கட்டளை ஜெபத்தையே தடைசெய்தது. நம் நாட்டின் ஒலி விதிகள் ஜெபத்தைத் தடைசெய்யவில்லை. அயலானின் உறக்கத்தைப் பாதுகாக்கின்றன. பவுலும் சீலாவும் காவலில் கட்டுண்டு பாடினார்கள். பூமியதிர்ந்து கதவுகள் திறந்தபோது, தப்பியோடாமல் நின்று, தற்கொலைக்குத் துணிந்த சிறைக்காவலனின் உயிரைக் காத்தார்கள். தன் உயிரைப் பேணியவர்களின் வார்த்தைக்கே அவன் செவிகொடுத்தான்.

வீட்டு ஜெபங்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறவர்களும் இக்காலத்தில் உண்டு. அவர்களுக்குப் பயந்து ஒளிந்துகொள்வதற்காகக் கதவை அடைத்தால் நம் ஜெபம் ஒடுங்கிப்போகும். அடுத்த வீட்டுக் குழந்தை உறங்கட்டும் என்று அடைத்தால், அதுவே ஒரு பிரசங்கம். அன்பு அயலானுக்குத் தீங்கு செய்யாது என்று ரோமர் 13:10 போதிக்கிறது. சத்தத்தை அடையுங்கள், உறவை அடைக்காதீர்கள்.

ஆகவே இந்த மாதத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். பொதுச்சுவரில் எந்த வேலையும் தொடங்குமுன், பக்கத்து வீட்டாரையும் மேல்வீட்டாரையும் கீழ்வீட்டாரையும் குடும்பமாய்ச் சென்று சந்தியுங்கள். "எங்கள் வீட்டில் வாரந்தோறும் இந்த நேரத்தில் ஜெபம் நடக்கிறது. உங்களுக்குத் தொந்தரவாய் இருக்கிறதா? தேர்வோ நோயோ இருந்தால் சொல்லுங்கள், சத்தம் மிஞ்சினால் தயங்காமல் கதவைத் தட்டுங்கள்" என்று அவர்கள் பாஷையிலேயே சொல்லுங்கள். பிள்ளைகளில் ஒருவரை அறைக்குள் பாடவைத்து, பெற்றோர் அயலார் வீட்டிற்குள் அனுமதி பெற்று நின்று கேளுங்கள். கைபேசியில் ஒலி அளக்கும் செயலி இருந்தால், வேலைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட உதவும். ஜெபத்தை 10 மணிக்குள் முடிக்கவோ, அதன்பின் மெல்லிய குரலில் தொடரவோ குடும்பமாய்த் தீர்மானியுங்கள்.

முறையிடுவதற்காகத் தட்டுகிற கை, ஒரு நாள் தன் பிள்ளையின் சுகத்திற்காக ஜெபிக்கச் சொல்லியும் அதே கதவைத் தட்டும். அந்த நாளில் அது தயக்கமின்றித் தட்டத்தக்க கதவாய் இருக்கும்படி, கர்த்தர் தாமே உங்கள் இல்லங்களைச் சமாதானத்தினால் நிரப்புவாராக. ஆமென்.